காத்தாடிக்குக் காது வைத்த கதை

இது நீண்ட பதிவு. ஒரு டம்ளர் காப்பியோடு உட்கார்ந்தால் நல்லது. பாதியில் விட்டுவிட்டு "அருமை சார்" என்று போடுகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். வகுப்பிலும் நீங்கள் அப்படித்தான்.

போன ஆடி மாதம் ஒருநாள் இரவு ஒன்பதரை மணிக்கு ஒரு போன். 1993இல் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த பையன். பையன் என்கிறேன், அவன் ஐம்பதை நெருங்கிக்கொண்டிருக்கிறான். ஐ.டி.ஐ. முடித்த கையோடு முப்பந்தல் பக்கம் காற்றாலையில் வேலைக்குச் சேர்ந்தவன், இன்றுவரை அதே வேலைதான். பெயர் வேண்டாம். அவனோடு படித்தவர்களுக்குத் தெரியும், தெரிந்தவர்கள் கமெண்டில் எழுதிவிடாதீர்கள்.

"சார், தூங்கிட்டீங்களா?"

"இல்ல மக்கா, சொல்லு."

"எனக்கு மெமோ குடுத்திருக்காங்க சார்."

விஷயம் இதுதான். அவன் பார்த்துக்கொள்ளும் காத்தாடிகளில் ஒன்றின் கியர் பாக்ஸில் அதிர்வை அளக்கும் சென்சார் பொருத்தியிருக்கிறார்கள். மே மாதமே அது எச்சரிக்கை கொடுத்துவிட்டது. வேகமாகச் சுழலும் தண்டின் பேரிங் சரியில்லை என்று எங்கோ இருக்கிற கண்காணிப்பு அறையிலிருந்து அறிக்கையும் வந்தது. பேரிங் மாற்ற இயந்திரத்தை நிறுத்த வேண்டும், பெரிய கிரேன் வர வேண்டும். மே முதல் செப்டம்பர் வரைதான் நம் கணவாயில் காற்று. அந்த ஐந்து மாதத்தில்தான் வருமானத்தின் பெரும்பகுதி. மேலே இருந்து வந்த பதில்: சீசன் முடியட்டும்.

ஆடியில் காற்று உச்சத்தில் இருந்த ஒருநாள், புதிதாகச் சேர்ந்த இரண்டு பையன்களை மேலே ஏற்றி எண்ணெய் ஃபில்டரை மாற்றச் சொல்லி உத்தரவு. இவன் அனுப்ப மாட்டேன் என்றான். அந்த வகை இயந்திரத்தில் பிரேக் இருப்பது கியர் பாக்ஸுக்குப் பின்னால், வேகமான தண்டில். கியர் பல் உடைந்தால் பிரேக் பிடித்தும் பயனில்லை, முன்னால் இருக்கும் இறக்கைகளுக்கு அது எட்டாது. உத்தரவை மீறியதாக மெமோ. ஒன்பதாம் நாள் அந்தக் கியர் பாக்ஸ் பல்லைக் கொட்டிவிட்டு நின்றுபோனது. மேலே யாரும் இல்லை. மெமோவை மட்டும் யாரும் திரும்பப் பெறவில்லை.

"மெஷின் சொன்னதத்தான சார் நானும் சொன்னேன். மெஷினுக்கு மெமோ குடுக்கல, எனக்குக் குடுத்துட்டாங்க" என்றான். பிறகு, "முன்கூட்டியே தெரிஞ்சும் விடுறது எல்லா ஊர்லயும் உண்டா சார், இல்ல நம்ம ஊர்ல மட்டுமா?" என்று கேட்டான்.

போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை, எழுதுகிறேன் என்றேன். ஓய்வு பெற்றவனுக்கு நேரத்துக்கு என்ன குறை. அந்தப் பதில்தான் இது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இயந்திரத்தைத் திறக்காமலே அதன் உள்நிலையை அறிவது ஏதோ கம்ப்யூட்டர் வந்தபின் பிறந்த வித்தை இல்லை. வடசேரிச் சந்தையில் மண்பானை வாங்கும் நம் வீட்டுப் பெண்கள் விரல் மூட்டால் ஒரு தட்டு தட்டிக் காதைக் கொடுப்பார்கள். கணீரென்றால் எடுப்பார்கள், சொத்தென்றால் வைத்துவிடுவார்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல் காதுக்குத் தெரியும். ரயில்வேயில் இதற்கென்றே ஆள் இருந்தார்கள். வண்டி நின்றதும் நீளமான கைப்பிடி போட்ட சுத்தியலோடு ஒருவர் வந்து ஒவ்வொரு சக்கரமாகத் தட்டிக்கொண்டே போவார். சிறுவயதில் திருநெல்வேலி ஜங்ஷனில் அதை நான் வாய் பிளந்து பார்த்திருக்கிறேன். நம் மெக்கானிக்குகள் ஸ்க்ரூ டிரைவரின் முனையைப் பேரிங் மீது வைத்து, பிடியைக் காதோடு அழுத்திக் கேட்பார்கள். மருத்துவரின் ஸ்டெதாஸ்கோப்பும் அதுவும் ஒரே இயற்பியல்தான், விலைதான் வேறு.

அந்தச் சுத்தியல்காரர் தேடிய கீறல் எவ்வளவு கொடியது என்பதை உலகத்துக்கு உறைக்க வைத்த நாள் 1842 மே 8. வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தில் கொண்டாட்டம் பார்த்துவிட்டுக் கூட்டம் பாரிஸ் திரும்பிக்கொண்டிருந்தது. வழியில் மூடான் என்ற இடத்தில் ரயில் எஞ்சினின் அச்சு ஒன்று முறிந்தது. பின்னால் வந்த பெட்டிகள் ஏறி விழுந்து தீப்பிடித்தன. பெட்டிக் கதவுகள் வெளியே பூட்டப்பட்டிருந்தன. ஐம்பது பேருக்கு மேல் மாண்டார்கள். அண்டார்டிகா வரை கப்பல் ஓட்டிச் சென்று திரும்பிய தளபதி துமோன் துர்வில்லும் அவருடைய குடும்பமும் அதில் இருந்தார்கள்.

நல்ல இரும்பு, கண்ணுக்கு எந்தக் குறையும் இல்லை, திடீரென்று ஏன் முறிகிறது? பிரஷ்ய ரயில்வேயில் இருந்த ஆகஸ்ட் வோலர் 1850களிலும் 60களிலும் அச்சுகளை மீண்டும் மீண்டும் வளைத்துப் பார்த்துப் பதில் கண்டார். ஒரே தடவையில் முறிக்கத் தேவையான விசையைவிட மிகக் குறைந்த விசையே போதும், அது லட்சக்கணக்கான தடவை திரும்பத் திரும்ப வந்தால். உலோகமும் களைத்துப்போகும். கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்து ஒடிப்பீர்களே, அதேதான்.

இப்போது ஒரு கணக்கு. இன்றைய பெரிய காத்தாடி நிமிடத்துக்கு 15 சுற்று சுற்றுகிறது என்று வையுங்கள். மணிக்கு 900. நாளைக்கு 21,600. வருடத்துக்கு ஏறக்குறைய 79 லட்சம். இருபது வருடத்துக்கு 15 கோடிக்கும் மேல். காற்றில்லாமல் நின்ற நாட்களைக் கழித்தாலும் பல கோடி. ஒவ்வொரு சுற்றிலும் இறக்கை மேலே போகும்போது ஒரு பக்கம் இழுபடும், கீழே வரும்போது மறுபக்கம். மனிதன் செய்த இயந்திரங்களில் களைப்பு நோய்க்கு இதைவிடத் தோதானது இன்னொன்று உண்டா என்று எனக்குச் சந்தேகம்.

இனி என் மாணவனின் கேள்விக்கு வருகிறேன். தெரிந்தும் விட்ட கதை நம் ஊரில் தொடங்கவில்லை. காற்றாலை வரலாற்றின் முதல் பெரிய இயந்திரத்திலேயே அது இருக்கிறது.

பால்மர் பட்னம் என்றொரு அமெரிக்கப் பொறியாளர். 1930களில் கேப் காட் கடற்கரையில் வீடு கட்டினார். அங்கே காற்றும் பலம், மின்கட்டணமும் பலம். ஒன்றைக் கொண்டு மற்றதைச் சமாளிக்கலாமே என்று யோசித்தார். நம்மில் பலர் இந்த யோசனையோடு நிறுத்திக்கொண்டு மின்வாரியத்தைத் திட்டியிருப்போம். அவர் நிறுத்தவில்லை. நீர்மின் விசையாழி செய்துகொண்டிருந்த எஸ். மார்கன் ஸ்மித் நிறுவனத்தைச் சம்மதிக்க வைத்தார். காற்றியக்கத்தில் பெரிய பெயரான தியோடர் வான் கார்மானும் ஆலோசனை சொன்னார். வெர்மான்ட் மாநிலத்தில் கிராண்ட்பாஸ் நாப் என்ற குன்று, தாத்தா மேடு என்று வைத்துக்கொள்ளுங்கள், அதன் உச்சியில் இயந்திரத்தை நிறுத்தினார்கள். இரண்டே இறக்கைகள், விட்டம் 175 அடி, ஒவ்வொரு இறக்கையும் சுமார் 8 டன். திறன் 1.25 மெகாவாட். 1941 அக்டோபரில் அந்த மின்சாரம் ஊர்க் கம்பிகளில் ஓடியது. மெகாவாட் அளவில் காற்றிலிருந்து மின்சாரம் எடுத்தது உலகில் அதுதான் முதல்முறை.

1943 பிப்ரவரியில் முக்கிய பேரிங் ஒன்று போய்விட்டது. உலகப் போர் நடக்கும் நேரம், இரும்பெல்லாம் டாங்கிக்கும் கப்பலுக்கும் போகிறது. ஒரு பேரிங்குக்காக இரண்டு வருடம் காத்திருந்தார்கள். அவ்வளவு காலமும் அந்தப் பெரிய இறக்கைகள் சுழலாமல் மலை உச்சிக் காற்றில் நின்றன.

இங்கேதான் கவனிக்க வேண்டும். இறக்கை தண்டோடு சேரும் அடிப்பகுதி, கணக்குப் போட்டதைவிட அதிகச் சுமை வாங்குகிறது என்பது பொறியாளர்களுக்குப் போர்க்காலத்திலேயே தெரியும். அந்த இடத்தில் கீறலைக் கண்டு வெல்டிங் வைத்துமிருந்தார்கள். ஒழுங்காகச் சரிசெய்ய வேண்டுமானால் இறக்கையைக் கழற்றி இறக்க வேண்டும். பொருள் கிடைக்காது, ஆள் கிடைக்காது, காலமும் போகும். ஓட்டிப் பார்ப்போம் என்று முடிவெடுத்தார்கள். 1945 மார்ச் 3இல் மறுபடி ஓடத் தொடங்கியது. மார்ச் 26 விடிவதற்கு முன் ஓர் இறக்கை அடியோடு ஒடிந்து சுமார் 750 அடி தள்ளிப் போய் விழுந்தது. அந்நேரம் மேலே ஓர் ஊழியர் பணியில் இருந்தார். ஒற்றை இறக்கையோடு கோபுரமே குலுங்கும்போது தடுமாறி எழுந்து இயந்திரத்தை நிறுத்தினார், உயிரோடும் இறங்கினார். மொத்தம் சுமார் 1,100 மணி நேரம்தான் அந்த இயந்திரம் ஓடியிருந்தது. திரும்பக் கட்டினால் கட்டுப்படியாகாது என்று நிறுவனம் கைவிட்டது.

பட்னத்தை நான் வில்லனாகக் காட்டவில்லை. பிறகு உட்கார்ந்து எல்லாவற்றையும் மறைக்காமல் புத்தகமாக எழுதினார், 1948இல் வெளிவந்தது. தோல்வியை எழுதி வைக்கிற பொறியாளர் அபூர்வம். ஆனால் என் மாணவன் கேட்டதற்கு இதுதான் முதல் பதில்: மக்கா, நம்ம ஊர்ல மட்டும் இல்ல.

சரி, முன்கூட்டி அறிய வேண்டுமானால் அடிக்கடி பிரித்துப் பார்த்துவிட்டால் போகிறது என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. பைக்கை மாதம் ஒருமுறை சர்வீஸ் விட்டால் நல்லதுதானே? இதற்குப் பதில் அதே போர்க்காலத்தில் இங்கிலாந்தில் கிடைத்தது. கொடுத்தவர் ஓர் உயிரியலாளர்.

கான்ராட் ஹால் வாடிங்டன் கருவளர்ச்சியை ஆராய்ந்தவர். போரில் அவரை விமானப்படையின் கடலோரப் பிரிவுக்குக் கணக்குப் பார்க்க இழுத்துக்கொண்டார்கள். ஜெர்மன் நீர்மூழ்கிகளைத் தேடிப் பறக்கும் லிபரேட்டர் விமானங்களில் பெரும்பகுதி எந்நேரமும் பழுதுபார்ப்பில் கிடந்தது. ஐம்பது மணி நேரம் பறந்தால் ஒரு முழுச் சோதனை என்பது விதி. எதிர்பாராத பழுதுகள் எப்போது வருகின்றன என்று வாடிங்டன் குழு வரைபடம் போட்டது. சோதனை முடிந்ததும் பழுது குறைவாக இருக்க வேண்டும், நாள் ஆக ஆகக் கூட வேண்டும். படம் தலைகீழாக இருந்தது. சோதனை முடிந்த உடனே பழுதுகள் மிக அதிகம், பிறகு படிப்படியாகக் குறைகின்றன. நன்றாக ஓடிக்கொண்டிருந்ததைத் திறந்து, கழற்றி, மாட்டும்போது ஏதோ ஒன்று தளர்கிறது, ஏதோ ஒன்று மாறிப் போகிறது. பிரித்துப் பார்ப்பதே பழுதை உண்டாக்கியது.

அந்தக் கண்டுபிடிப்பு ரகசியமாகவே கிடந்தது. வாடிங்டனின் புத்தகம் 1973இல்தான் வெளியானது. இதற்கிடையே அமெரிக்க விமான நிறுவனம் ஒன்றில் நோலனும் ஹீப்பும் தங்கள் வழியில் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். 1978இல் வந்த அவர்கள் அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது, நான் படித்துவிட்டு இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். விமானப் பாகங்களில் வயதானதால் தேய்ந்து கெடுபவை 11 சதவீதம்தான். மீதி 89 சதவீதத்துக்கு 'இத்தனை மணி நேரமானால் மாற்று' என்ற விதியால் பயனே இல்லை. அதிலும் 68 சதவீதம் புதிதாக மாட்டியதும் கெடும் வாய்ப்பு அதிகமுள்ள வகை.

அப்படியானால் தேதி பார்த்துத் திறப்பது பெரும்பாலும் வீண், சில சமயம் கேடு. உடையும்வரை விட்டால் தாத்தா மேடு. இடையில் இருக்கும் ஒரே வழி, ஓடும்போதே கேட்பது. நம் பானை தட்டும் வழி.

இந்த வழியைக் கணக்குக்குள் கொண்டுவந்ததில் ஒரு வேடிக்கை. 1939இல் ராத்போன் என்ற அமெரிக்கப் பொறியாளர், இயந்திரம் எவ்வளவு அதிர்ந்தால் நல்லது, எவ்வளவு அதிர்ந்தால் ஆபத்து என்று ஒரு வரைபடம் வெளியிட்டார். பல தொழிற்சாலைகளில் அதைத்தான் அளவுகோலாக வைத்திருந்தார்கள். அவர் வேலை பார்த்தது இயந்திரம் செய்யும் கம்பெனியில் இல்லை, காப்பீட்டுக் கம்பெனியில். இயந்திரம் உடைந்தால் யார் பணம் கட்ட வேண்டுமோ அவருக்குத்தான் காது கூர்மையாக இருந்திருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

காதுக்குப் பதில் சென்சார் எப்படி வந்தது? அடுப்பு பற்றவைக்க டக் டக்கென்று அழுத்துவீர்களே, அந்த லைட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் படிகத்தின் மீது அடி விழுந்தால் மின்னழுத்தம் பிறக்கிறது. 1880இல் கியூரி சகோதரர்கள் கண்டது இது. பியேர் கியூரி, பின்னாளில் மேரி கியூரியின் கணவர். அதே வகைப் பொருளின் மேல் சிறு எடையை வைத்துப் பேரிங் கூட்டின் மீது திருகிவிட்டால், ஒவ்வொரு அதிர்வுக்கும் ஒரு மின்துடிப்பு வரும். அதுதான் அதிர்வு சென்சார். பத்தாம் வகுப்புப் பாடம், அவ்வளவுதான்.

ஆனால் வருவது சந்தை இரைச்சல். கியர் சத்தம், ஜெனரேட்டர் சத்தம், காற்று, எண்ணெய் பம்பு எல்லாம் கலந்து வரும். பிரித்தெடுக்க ஃபூரியே என்ற பிரெஞ்சுக்காரர் 1822இலேயே வழி எழுதி வைத்தார்: எந்தச் சிக்கலான அலையையும் எளிய அலைகளின் கூட்டலாகப் பிரிக்கலாம். கணக்குப் போடத்தான் நேரமில்லை. 1965இல் கூலி, டியூக்கி என்ற இருவர் குறுக்குவழி சொன்னார்கள். 1,024 புள்ளிகள் உள்ள பதிவுக்குப் பழைய முறையில் பத்து லட்சத்துக்கு மேல் பெருக்கல் வேண்டும், புதிய முறையில் ஏறக்குறையப் பத்தாயிரம் போதும். கையடக்கக் கருவிக்குள் ஃபூரியே வந்து உட்கார்ந்தது அதனால்தான்.

இதற்கு ஒரு கணக்கு போடலாம், நோட்டு எடுங்கள். ஜெனரேட்டர் தண்டு நிமிடத்துக்கு 1,500 சுற்று, அதாவது நொடிக்கு 25. பேரிங்கில் 9 குண்டுகள். வெளி வளையத்தில் ஊசி முனை அளவு பள்ளம் விழுந்திருந்தால், ஒவ்வொரு குண்டும் அதைக் கடக்கும்போது ஒரு சிறு தட்டு. நொடிக்கு எத்தனை தட்டு? தோராயமாகச் சுற்று எண்ணிக்கை × குண்டுகள் × 0.4. ஆக 90. உள் வளையத்தில் பள்ளம் என்றால் 0.4க்குப் பதில் 0.6, அப்போது 135. திரையில் 90இல் ஒரு முள் எழும்பினால் வெளி வளையம், 135இல் எழும்பினால் உள் வளையம். திறக்காமலே, எண்பது மீட்டர் உயரத்தில், எந்த வளையத்தில் புண் என்று சொல்லிவிடலாம். இந்தக் கணக்கை முதலில் பார்த்தபோது, பள்ளியில் இதைச் சொல்லிக்கொடுக்காமல் ஓய்வு பெற்றுவிட்டோமே என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

இதெல்லாம் காற்றாலைக்கு வர நாளானது. தாத்தா மேட்டுக்குப் பின் பெரிய இயந்திரம் என்றாலே பயம். டென்மார்க்கில் யோஹனஸ் யூல் 1957இல் கெட்ஸர் என்ற ஊரில் 200 கிலோவாட் இயந்திரம் ஒன்றை வைத்தார். மூன்று இறக்கை, எளிய அமைப்பு, அலட்டல் இல்லாமல் சுமார் பத்து ஆண்டு ஓடியது. அந்த டேனிஷ் வம்சத்தில் வந்த 55 கிலோவாட் காத்தாடிகள்தான் 1986இல் தூத்துக்குடிப் பக்கம் முதலில் நின்றன. எங்கே காற்று வீசுகிறது என்று நாடு முழுக்க அளந்து எழுதியவர் அன்னா மணி என்ற பெண் இயற்பியலாளர், பீர்மேட்டில் பிறந்தவர். அவரைப் பற்றித் தனிப் பதிவே எழுத வேண்டும்.

அந்தச் சின்ன இயந்திரங்களுக்குச் சென்சார் தேவைப்படவில்லை. கீழே நின்றாலே கேட்கும். என் மாணவன் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் சைக்கிளில் போய்க்கொண்டே, எந்தக் காத்தாடிக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடுவானாம். முதலாளிகள் பெரும்பாலும் மில்காரர்கள். காற்றாலைக்குப் போட்ட பணம் முழுவதையும் முதல் வருடமே தேய்மானமாகக் காட்டி வருமான வரியைக் குறைத்துக்கொள்ள அப்போது சட்டம் இடம் கொடுத்தது. முதல் வருடமே லாபம் கிடைத்துவிட்ட இயந்திரத்தின் பதினைந்தாவது வருடத்தைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்? அந்தச் சட்டம் இல்லாவிட்டால் ஆரல்வாய்மொழியில் இத்தனை காத்தாடி வந்திருக்காது என்பதும் உண்மை. இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

பிறகு இயந்திரம் வளர்ந்தது. கோபுரம் உயர்ந்தது, கியர் பாக்ஸ் நிமிடத்துக்கு 15 சுற்றை 1,500 ஆக்க வேண்டியதாயிற்று. ஓடும்போது உள்ளே ஆள் நிற்கக் கூடாது, கீழே நின்றால் கேட்காது. நம்மாள் காது கெட்டுப்போகவில்லை, இயந்திரம் காதுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது.

ஜெர்மனியில் 1990களின் கடைசியில் கியர் பாக்ஸ்கள் வரிசையாகப் போயின. இருபது வருடம் என்று விற்றவை ஐந்தாறு வருடத்தில் மாற்றும் நிலைக்கு வந்தன. பணம் கட்டிக் களைத்த காப்பீட்டுக்காரர்கள் 2002 வாக்கில் ஒரு நிபந்தனை போட்டார்கள்: 40,000 மணி நேரம் ஓடினாலோ ஐந்து வருடம் ஆனாலோ, எது முதலில் வருகிறதோ, பேரிங்குகளை எல்லாம் மாற்று, மாற்ற விருப்பமில்லையா, அங்கீகாரம் பெற்ற கண்காணிப்புக் கருவியைப் பொருத்து. அங்கீகாரத்துக்கான விதிகளை ஜெர்மானிஷர் லாய்ட் 2003இல் வெளியிட்டது. சும்மா இருக்கிற பேரிங்கை மாற்றும் செலவைவிடச் சென்சார் மலிவு. காத்தாடிகளுக்குக் காது முளைத்தது இப்படித்தான். ராத்போன் நினைவிருக்கிறதா? மறுபடியும் காப்பீட்டுக் கம்பெனி.

இன்று ஒரு காத்தாடிக்குள் இருப்பவை: முக்கிய பேரிங், கியர் பாக்ஸ், ஜெனரேட்டர் மேல் அதிர்வு சென்சார்கள்; எண்ணெயில் மிதக்கும் இரும்புத் துகளை எண்ணும் கருவி; ஆங்காங்கே வெப்பமானிகள். எல்லாக் காத்தாடியிலும் இருக்கும் கட்டுப்பாட்டுக் கணினி பத்து நிமிடத்துக்கு ஒரு சராசரி எடுத்து வைக்கும். நோயின் கடைசிக் கட்டத்துக்கு அது போதும், பேரிங் சூடானபின் தெரியும். அதிர்வு சென்சார் நொடிக்குப் பல ஆயிரம் முறை கேட்பதால் மாதக்கணக்கில் முன்பே முனகலைப் பிடித்துவிடும்.

தவறே செய்யாதா? செய்யும். என் மாணவன் சொன்னதுதான். ஒரு காத்தாடி வாரக்கணக்கில் எச்சரிக்கை அனுப்பிக்கொண்டே இருந்ததாம். கியர் பாக்ஸைக் கழற்றுகிற பேச்சே வந்துவிட்டது. இவன் ஏறிப் போய்ப் பார்த்தால், சென்சாரை ஒட்டியிருந்த பசை விட்டு அது தனியாக ஆடிக்கொண்டிருந்திருக்கிறது. ஆடியது சென்சார், பழி கியர் பாக்ஸுக்கு. கண்காணிப்பு அறையில் இருக்கும் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள்தான், என்னிடம் படித்த பெண் ஒருத்தியும் அப்படி ஒரு அறையில் வேலை பார்க்கிறாள். ஆனால் அவர்களுக்குக் காத்தாடி ஒரு வளைகோடு. அதைத் தொட்டுப் பார்ப்பவன் வேறொருவன்.

மே மாதம் வந்த எச்சரிக்கை பசை விட்டதால் வந்ததா என்றும் இவன் சோதித்திருக்கிறான். சென்சார் இறுக்கமாக இருந்தது. எண்ணெயைக் கண்ணாடிப் பாட்டிலில் எடுத்து, அடியில் காந்தத்தை வைத்துப் பார்த்திருக்கிறான். மினுமினுவென்று இரும்புத் தூள் வந்து ஒட்டியிருக்கிறது. போட்டோ எடுத்து வைத்திருக்கிறான். சென்சார் கேட்டது, இவன் கண்ணால் பார்த்தான், இருவரும் சொன்னார்கள். கேட்க வேண்டியவர் முன்னால் அன்றைய மின் உற்பத்திக் கணக்கு இருந்தது. தாத்தா மேட்டில் போர் இருந்தது போல, இங்கே சீசன்.

அந்த உத்தரவு போட்டவர் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். ஐந்து மாத வருமானத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவரின் கஷ்டமும் புரிகிறது. இயந்திரத்தை நிறுத்தாமல், பாதிச் சுமையில் ஓட்டிச் சீசனைத் தாண்டியிருக்கலாம், பல இடங்களில் அப்படிச் செய்கிறார்கள். அதைப் பற்றி யாரும் பேசவே இல்லையாம். பையன்களை ஏற்றச் சொன்னதை மட்டும் எந்தக் கணக்கிலும் என்னால் சேர்க்க முடியவில்லை. அந்த இருவரில் ஒருவனுக்குக் கல்யாணமாகி நாற்பது நாள்தான் ஆகியிருந்தது.

இதையெல்லாம் அவனுக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் படித்துக் காட்டினேன். வாடிங்டன் கதை அவனுக்கு மிகவும் பிடித்துவிட்டது. "சர்வீஸ் முடிஞ்ச மறுநாள் ட்ரிப் ஆவும் சார், நாங்க ராசி சரியில்லனு சொல்லுவோம்" என்றான்.

போன வாரம் மெமோவுக்குப் பதில் எழுதி, அனுப்புமுன் பிழை பார்க்கச் சொல்லி எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினான். ஒரு பக்கம்தான். எச்சரிக்கை வந்த தேதி, சென்சார் எண், எண்ணெய் எடுத்த நாள், காற்றின் வேகம், பிரேக் எந்தத் தண்டில் இருக்கிறது என்பது, கியர் உடைந்த தேதி. வருத்தமோ கோபமோ ஒரு சொல் இல்லை. நான் தமிழாசிரியர் இல்லைதான், இருந்தாலும் இரண்டு இடத்தில் ஒற்று விட்டிருந்தான், சேர்த்துக் கொடுத்தேன். அலகு எல்லாம் சரியாகப் போட்டிருந்தான். பத்தாம் வகுப்பில் அலகு போடாததற்காக அவனுக்கு அரை மதிப்பெண் குறைத்தது எனக்கு நினைவிருக்கிறது, அவனுக்கும் இருக்கும்.

திங்கள்கிழமை நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி வந்திருக்கிறான். பதில் இன்னும் வரவில்லை.